சரக்கு வெளியூர், பக்குவம் உள்ளூர்: ஒரு நாட்டின் சமையல் உருவாவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நாட்டின் சாப்பாடு என்று பேச்சு எடுத்தாலே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். ‘இது எங்களுடையது, ஆயிரம் ஆண்டுப் பழமை’ என்பது ஒரு கட்சி. ‘எல்லாம் எங்கிருந்தோ வந்ததுதானே, இதில் என்ன அடையாளம்’ என்பது இன்னொன்று. இரண்டிலும் பாதிதான் சரி. திரும்பத் திரும்ப எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில பதில்கள் நீளும், சில இரண்டு வரியில் முடியும்.

ஒரு நாட்டுக்குச் சொந்தச் சமையல் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது?

நான் வைத்திருக்கும் சோதனை எளிது. வெளியிலிருந்து ஒரு புதுப் பண்டம் உள்ளே போகட்டும். ஒரு தலைமுறை கழித்து அது என்னவாக மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

ஜப்பானின் தொன்கட்சு என்ற பொரித்த பன்றி இறைச்சியை எடுத்துக்கொள்வோம். அது பிறந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஐரோப்பியக் கட்லெட்டிலிருந்து. ஐரோப்பாவில் இறைச்சித் துண்டை வெண்ணெயில் வாட்டித் தட்டில் வைப்பார்கள். சாப்பிடுபவர் கத்தியால் வெட்டிக்கொள்வார். ஜப்பானியச் சமையல்காரர்கள் அதை நிறைய எண்ணெயில் முக்கிப் பொரித்தார்கள். ஏனென்றால் மீனையும் காயையும் மாவில் தோய்த்துத் தெம்புரா பொரித்துப் பழகிய கை அது. பிறகு குச்சியால் எடுக்க வசதியாக முன்கூட்டியே நறுக்கினார்கள். பக்கத்தில் சன்னமாகச் சீவிய முட்டைக்கோஸ், சோறு, புளித்த சோயா விழுதில் செய்யும் மிசோ சூப் எல்லாம் சேர்ந்தன. கட்லெட் வந்தது, ஆனால் கத்தி வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், தெம்புராவே 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்த முறை. ஒரு கடனை வைத்து இன்னொரு கடனைச் சொந்தமாக்கியிருக்கிறார்கள்.

சரக்கு எங்கிருந்து வேண்டுமானாலும் வரட்டும். எவ்வளவு நேரம் வேக வேண்டும், எதோடு சேர வேண்டும், எந்தப் பதத்தில் இறக்க வேண்டும், எப்படி எடுத்து உண்ண வேண்டும் என்பதை உள்ளூர்க் கை தீர்மானிக்கிறது. அந்தப் பக்குவத்தைத்தான் நான் சமையல் என்கிறேன்.

மண்ணும் தட்பவெப்பமும்தானே எல்லாவற்றையும் முடிவு செய்கின்றன?

தொடக்கத்தை முடிவு செய்கின்றன. எத்தியோப்பியாவின் டெஃப் என்ற சிறுதானியம் அந்த மேட்டுநிலத்துக்கே உரியது. அதன் மாவைச் சில நாள் புளிக்கவிட்டுச் சுடும் இஞ்சேரா என்ற அடை வேறெங்கும் தானாகத் தோன்றியிருக்காது. நீண்ட பனிக்காலம் உள்ள இடங்களில் உப்பிட்டும் புளிக்கவைத்தும் காய்களைக் காப்பாற்றியாக வேண்டும். அந்தப் புளிப்பு நாக்கில் தங்கிவிடுகிறது.

ஆனால் பயிர் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு மக்காச்சோளத்தின் கதையைவிட நல்ல சான்று இல்லை. மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மக்கள் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி அரைப்பார்கள். பல்லாயிரம் மைல் தள்ளி வாழ்ந்த ஐரோப்பியருக்கு இது வீண் வேலையாகப் பட்டது. 1492-க்குப் பிறகு சோளத்தைக் கொண்டுபோனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். ஸ்பெயினின் அஸ்தூரியாஸ் பகுதியில் சோளத்தையே முக்கிய உணவாகத் தின்ற ஏழைகளுக்குத் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தி பேதலிக்கும் நோய் வந்ததை 1735-இல் காஸ்பர் காசால் என்ற மருத்துவர் பதிவு செய்தார். பிறகு வட இத்தாலியிலும், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் அதே நோய் பரவியது. பெலக்ரா என்பது அதன் பெயர். நியாசின் என்ற சத்துக் குறைவுதான் காரணம். சோளத்தில் அந்தச் சத்து இருக்கிறது, ஆனால் உடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி பிணைந்து கிடக்கிறது. சுண்ணாம்புதான் அதை விடுவிக்கிறது.

மெக்சிகோவின் பாட்டிகளுக்கு நியாசின் தெரியாது. சுண்ணாம்பு போட்டால் தோல் சுலபமாக உரியும், மாவு ஒட்டும், அடை நன்றாக வரும் என்று தெரியும். அது போதுமாக இருந்தது. விதை கப்பலேறிவிடும், கைப்பழக்கம் ஆளோடு மட்டுமே பயணம் போகும்.

தக்காளி இத்தாலியுடையது இல்லை என்கிறார்கள். அப்படியானால் இத்தாலியச் சமையல் என்பதே கட்டுக்கதையா?

தக்காளி தென் அமெரிக்கச் செடி. இத்தாலியில் அதைப் பற்றிய முதல் குறிப்புகள் 1540-களில் வருகின்றன. அதற்குப் பிறகும் ரொம்ப காலம் அதை அழகுக்கு வளர்த்தவர்கள்தான் அதிகம். 1690-களில் நேப்பிள்ஸில் அந்தோனியோ லாத்தினி என்பவர் அச்சிட்ட சமையல் நூலில் தக்காளிச் சாறு ஒன்று இருக்கிறது, ஆனால் ‘ஸ்பானிய பாணி’ என்ற பெயரில். அதாவது அன்று அவர்களுக்கே அது அயல் பண்டம். பாஸ்தாவும் தக்காளியும் பிரிக்க முடியாத ஜோடியானது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

இதை வைத்துக் கட்டுக்கதை என்று முடித்துவிடுவது அவசர புத்தி. ஒரு மொழியில் கடன்சொல் இருந்தால் அந்த மொழியே பொய்யாகிவிடுமா? பிற மொழிச் சொல்லுக்கு நம் வேற்றுமை உருபைச் சேர்த்துப் பேசும்போது அது நம் வாக்கியமாகிவிடுகிறது. தக்காளிக்கு ஆலிவ் எண்ணெயும் பூண்டும் அப்படித்தான் உருபாகச் சேர்ந்தன.

‘இத்தாலியச் சமையல்’, ‘மெக்சிகோ சமையல்’ என்று நாட்டின் பெயரில் பேசுவது எப்போது தொடங்கியது?

நாம் நினைப்பதைவிட மிகப் பிந்தி. மக்கள் ஊருக்கும் ஆற்றுப்படுகைக்கும் ஏற்பச் சாப்பிட்டார்கள். நாட்டுக்கு ஏற்பச் சாப்பிட்டவர் யாருமில்லை. நாடு வந்த பிறகுதான் நாட்டுச் சமையல் தேவைப்பட்டது.

இத்தாலி 1861-இல் ஒரே அரசானது. 30 ஆண்டு கழித்து, 1891-இல், பெல்லெக்ரினோ அர்த்தூசி என்ற ஓய்வுபெற்ற வணிகர் ஃபுளோரன்ஸில் ஒரு சமையல் நூலைத் தன் சொந்தக் காசில் அச்சிட்டார். முதல் பதிப்பில் 475 குறிப்புகள். வாசகிகள் தங்கள் ஊர்க் குறிப்புகளை எழுதி அனுப்ப, அவர் செய்து பார்த்துச் சேர்க்க, கடைசியில் அது 790 ஆனது. பள்ளிக்கூடமும் பட்டாளமும் செய்ய முடியாத ஒரு வேலையை அந்தப் புத்தகம் செய்தது: பக்கத்து மாநிலத்துக்காரன் என்ன சாப்பிடுகிறான் என்று நடுத்தர வீட்டுக்குச் சொன்னது, அதுவும் எல்லோருக்கும் புரியும் ஒரே இத்தாலிய மொழியில். குறை இல்லாமல் இல்லை. வட இத்தாலியின் எமிலியா-ரொமாஞாவுக்கும் நடு இத்தாலியின் டஸ்கனிக்கும் பந்தியில் முதல் வரிசை. தெற்குக்குக் கடைசி இலைதான். ஒரு நாட்டின் சமையல் என்று தொகுக்கப்படும் எதிலும் இந்தக் கோணல் இருக்கும். யார் எழுதுகிறாரோ அவர் அடுப்படிக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

இன்னொரு வழி, வெளியூருக்குப் போவது. 1880-க்கும் 1920-க்கும் இடையே சுமார் 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்காவுக்குக் குடியேறினார்கள். ஊரில் இருந்தவரை அவர்கள் சிசிலிக்காரர், காலாப்ரியாக்காரர். அங்கே போன பிறகு மற்றவர்கள் எல்லோரையும் ‘இத்தாலியர்’ என்றார்கள். ஊரில் பண்டிகைக்கு மட்டும் கிடைத்த இறைச்சி அங்கே வாரந்தோறும் கிடைத்தது. பல ஊர்ச் சமையல்கள் ஒரே தெருவில் கலந்து, ஊரில் இல்லாத ஓர் ‘இத்தாலியச் சாப்பாடு’ பிறந்தது. நாம் யார் என்று நமக்கே சொல்லிக்கொடுப்பவர் பல நேரம் அடுத்த வீட்டுக்காரர்தான்.

ஓர் அரசாங்கம் நினைத்தால் தேசிய உணவை உருவாக்க முடியுமா?

முடியும், ஆனால் நாக்கோடு சண்டை போடாமல் இருந்தால்.

பாட் தாய் என்ற தாய்லாந்து நூடுல்ஸ் இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு. 1938 முதல் 1944 வரை பிரதமராக இருந்த பிபுன்சோங்கிராம், 1939-இல் சியாம் என்ற நாட்டுப் பெயரைத் தாய்லாந்து என்று மாற்றினார். உடை, மொழி என்று எல்லாவற்றிலும் ஒரு தேசிய முத்திரை குத்த முயன்ற ஆட்சி அது. நூடுல்ஸ் சாப்பிடுங்கள், விற்பனை செய்யுங்கள் என்று அரசே பிரசாரம் செய்தது. நூடுல்ஸும் அதை வாணலியில் புரட்டும் முறையும் சீனர்கள் கொண்டுவந்தவை. ஆனால் புளி, பனைவெல்லம், மீன்சாறு, உலர்ந்த இறால் சேர்ந்ததும் நாக்கு அதை உள்ளே விட்டது. அதே காலத்தில் அரசு போட்ட தொப்பி அணியும் உத்தரவு அந்த ஆட்சியோடு போயிற்று. நூடுல்ஸ் தங்கிவிட்டது.

ஜப்பானில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 675-இல் தென்மு பேரரசர் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றின் இறைச்சிக்குத் தடை விதித்தார். தடை பல வடிவங்களில் தொடர்ந்து, பௌத்தமும் சேர்ந்துகொள்ள, மீனும் சோயாவும் காயும் கொண்ட ஒரு நுட்பமான சமையல் வளர்ந்தது. பிறகு 1872-இல் மெய்ஜி பேரரசர் மாட்டிறைச்சி உண்டதை ஊரறியச் செய்தார்கள். மேற்கத்தியரைப் போல உடல் வலுப்பெற வேண்டும் என்பது அரசின் எண்ணம். சாதாரண மக்களோ அந்த இறைச்சியைச் சோயாவிலும் சர்க்கரையிலும் வேகவைத்துச் சோற்றோடு சாப்பிட்டார்கள். என்ன தின்பது என்பதில் அரசு ஜெயித்தது, எப்படித் தின்பது என்பதில் வீடு ஜெயித்தது.

காலனி ஆட்சியும் அடிமைமுறையும் சமையலை அழித்துவிடவில்லையா?

நிறைய அழித்தன. அழிவின் நடுவிலிருந்து சில உணவுகள் எழுந்தும் வந்தன. இதைப் பெருமையாக மட்டும் பேசுவது தவறு. துயரமாக மட்டும் பேசுவது அந்தச் சமையல்காரிகளின் திறமையை மறப்பதாகும்.

செனகலில் பிரெஞ்சுக்காரர்கள் ஏற்றுமதிக்காக நிலக்கடலை பயிரிட வைத்தார்கள். கம்பு போன்ற உள்ளூர்த் தானியங்களுக்கு இடம் குறைந்தது. அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்ட, தங்கள் இன்னொரு காலனியான இந்தோசீனாவிலிருந்து குருணை அரிசியை இறக்கினார்கள். ஆலையில் உடைந்து, விலை குறைந்து போன சரக்கு. சேன்-லூயி தீவின் மீனவக் குடும்பங்களில் அது மீனோடும் காய்களோடும் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து செபு ஜென் ஆனது. இன்று அது செனகலின் தேசிய உணவு. குருணை என்பது அங்கே இப்போது குறையாகவே கருதப்படுவதில்லை. சாற்றை நன்றாக உறிஞ்சும் என்று அதையே தேடி வாங்குகிறார்கள்.

ஹைத்தியின் கதை வேறு மாதிரி. ஜூமூ என்ற பூசணிக்காய் சூப்பை அடிமைகள் சமைப்பார்கள், பிரெஞ்சு முதலாளிகள் குடிப்பார்கள். சமைத்தவர்களுக்கு அது மறுக்கப்பட்டிருந்தது. 1804 ஜனவரி 1 அன்று ஹைத்தி விடுதலை பெற்றது. அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் வீட்டுக்கு வீடு அந்தச் சூப் கொதிக்கிறது. அதில் உள்ளூருக்கே உரிய அபூர்வப் பொருள் என்று எதுவும் இல்லை. யார் குடிக்கலாம் என்ற கேள்விக்கான பதில்தான் அதன் ருசி.

வியட்நாமின் பான் மி ரொட்டியையும் இங்கே சேர்க்கலாம். ரொட்டி பிரெஞ்சுக்காரருடையது. உள்ளே போகும் ஊறவைத்த கேரட், கொத்தமல்லி, மிளகாய் எல்லாம் சைகோன் தெருக்களின் வேலை.

குடியேறிகள் உள்ளூர்ச் சமையலைக் கெடுத்துவிடுகிறார்கள் என்பது சரியா?

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. பெருவுக்கு 1849 முதல் சீனத் தொழிலாளர்கள் வந்தார்கள். லோமோ சால்தாதோ அவர்கள் வாணலியில் பிறந்தது: மாட்டிறைச்சி, வெங்காயம், பெரு நாட்டு மிளகாய், சோயா சாறு, கூடவே வறுத்த உருளைக்கிழங்கும் சோறும் ஒரே தட்டில். இன்று அதைப் பெருவின் சாப்பாடு இல்லை என்று சொன்னால் அங்கே அடிதடி நடக்கும். மெக்சிகோவில் லெபனான்காரர்கள் செங்குத்தான கம்பியில் ஆட்டிறைச்சியைச் சுட்டார்கள். மெக்சிகோ அதைப் பன்றி இறைச்சியாக்கி, மிளகாய் விழுது தடவி, சோள அடையில் மடித்து, தாக்கோ அல் பஸ்தோர் என்று பெயர் வைத்தது. பிரிட்டனின் பொரித்த மீன், ஸ்பெயினிலிருந்தும் போர்ச்சுகலிலிருந்தும் துரத்தப்பட்ட யூதர்கள் கொண்டுவந்த முறை. பக்கத்தில் இருக்கும் உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலையினுடையது. இரண்டாம் உலகப் போரில் பல உணவுகளுக்கு ரேஷன் போட்ட பிரிட்டிஷ் அரசு, மீன்-சிப்ஸ் மேல் கைவைக்கவில்லை.

ஒரு உணவு ‘பாரம்பரியம்’ ஆக எத்தனை ஆண்டு வேண்டும்?

இரண்டு தலைமுறை போதும். ‘என் பாட்டி செய்வாள்’ என்று ஒருவர் சொல்லும் நாளில் அது பாரம்பரியம். முட்டையும் சீஸும் பன்றி இறைச்சியும் சேர்ந்த கார்போனாரா பாஸ்தா இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சமையல் நூல்களில் இல்லை; இன்று அதில் கிரீம் ஊற்றினால் ரோமாபுரியே கோபித்துக்கொள்கிறது. மிளகாய் கொரியாவைத் தொட்டது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதற்கு முன்பும் காய்களை உப்பிட்டுப் புளிக்கவைக்கும் கிம்ச்சி இருந்தது, ஆனால் சிவப்பாக இல்லை.

யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் வந்துவிட்டால் அந்த உணவு அந்த நாட்டுக்குச் சொந்தம் என்றுதானே அர்த்தம்?

இல்லை. இந்தக் குழப்பம்தான் பாதிச் சண்டைக்குக் காரணம். பட்டியலில் ஏறுவது பண்டம் இல்லை, அதைச் சுற்றிய வழக்கம். 2010-இல் பிரான்ஸ் பதிவு செய்தது எந்தச் சமையல் குறிப்பையும் இல்லை. முக்கிய நாட்களில் கூடி உட்கார்ந்து, வரிசைப்படி உண்ணும் பழக்கத்தை. தென் கொரியா 2013-இல் பதிவு செய்தது கிம்ச்சியை இல்லை, குளிர்காலத்துக்கு முன் அக்கம்பக்கத்தார் சேர்ந்து அதைப் போட்டு வைக்கும் கிம்ஜாங் வழக்கத்தை. இரண்டு ஆண்டு கழித்து வட கொரியாவும் தன் கிம்ச்சி வழக்கத்தைப் பதிவு செய்தது. 2022-இல் உக்ரைனின் போர்ஷ்ட் என்ற பீட்ரூட் சூப்பின் சமையல் வழக்கம், போரால் ஆபத்தில் இருக்கிறது என்று அவசரமாகச் சேர்க்கப்பட்டபோதும், இது தனியுரிமை ஆகாது என்று யுனெஸ்கோ சொல்லியே சேர்த்தது.

எனக்குப் பிடித்த பதிவு 2020-இல் நடந்தது. அல்ஜீரியா, மொரித்தானியா, மொராக்கோ, துனீசியா நான்கும் சேர்ந்து, ரவையை உருட்டி ஆவியில் வேகவைக்கும் கூஸ்கூஸுக்காக விண்ணப்பித்தன. அரசியலில் முகம் கொடுத்துப் பேசாத அண்டை நாடுகளும் அதில் உண்டு.

அப்படியானால் சட்டப்படி ஒரு பெயரை யாருமே சொந்தம் கொண்டாட முடியாதா?

முடியும், ஆனால் அது வேறு ஏற்பாடு. வணிகப் பெயருக்கான காப்பு. ரோக்ஃபோர் சீஸுக்குப் பிரான்ஸ் 1925-லேயே சட்டம் போட்டது. ஃபெட்டா என்ற சீஸ் பெயர் கிரேக்கத்துக்கு மட்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2002-இல் முடிவு செய்ய, டென்மார்க்கும் ஜெர்மனியும் எதிர்த்து வழக்காட, 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கிரேக்கத்தின் பக்கம் நின்றது. ஃபெட்டா என்ற சொல்லே ‘துண்டு’ என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது என்பதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

ஒரு சமையல் மரபு எதனால் சாகிறது?

அயல் உணவால் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் நேரமின்மையையும் ஒரே அச்சில் வார்க்கும் உற்பத்தியையும்தான் முதலில் சொல்வேன். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போரின்போது சீஸுக்கான பாலின் பெரும்பகுதி ‘அரசாங்க செடார்’ என்ற ஒரே வகைச் சீஸுக்குப் போனது. ரேஷன் 1954 வரை நீடித்தது. அதற்குள் பண்ணைகளில் கைமுறையாகச் சீஸ் செய்தவர்கள் பலர் ஓய்ந்துவிட்டார்கள், கற்றுக்கொள்ள ஆளில்லை. எந்த அந்நியரும் வந்து கெடுக்கவில்லை.

பிரான்ஸ் ரொட்டியில் இதைக் கொஞ்சம் முன்பே உணர்ந்தது. 1993-இல் வந்த ஆணைப்படி ‘மரபுப் பிரெஞ்சு ரொட்டி’ என்று விற்க வேண்டுமானால் மாவை உறைய வைக்கக் கூடாது, ரசாயனச் சேர்க்கை கூடாது. சட்டம் காப்பாற்றியது பெயரை மட்டும் இல்லை. விடியற்காலையில் எழுந்து மாவு பிசையும் ஆளின் வேலையையும்.

ஒரு நாட்டின் சமையலைப் புரிந்துகொள்ள எங்கே பார்க்க வேண்டும்? பிரபலமான உணவகங்களிலா?

அங்கே கடைசியாகப் போங்கள். அதிலும் ஒரு நாட்டின் பெயரில் வெளிநாட்டில் நடக்கும் உணவகம் பல நேரம் ஒரு விளம்பரப் பலகை. தாய்லாந்து அரசு 2002-இல் உலகெங்கும் தாய் உணவகங்களைப் பெருக்கத் திட்டமே போட்டது. தவறில்லை, ஆனால் அது வீட்டுச் சாப்பாடு ஆகாது.

மீந்து போனதை என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அதை யாரும் பிறருக்குக் காட்டுவதற்காகச் செய்வதில்லை, அதனால் பொய் சொல்லாது. டஸ்கனியில் காய்ந்த ரொட்டியைக் காய்கறிச் சாற்றில் போட்டு மறுபடி கொதிக்கவிட்டு ரிபொல்லித்தா என்பார்கள். வெயில் காலமென்றால் அதே ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து தக்காளியோடு கலந்து வைப்பார்கள். மெக்சிகோவில் நேற்றைய சோள அடை, காலையில் மிளகாய்ச் சாற்றில் ஊறி சிலாக்கிலேஸ் ஆகிவிடும். கொரியாவில் கிம்ச்சி அளவுக்கு மீறிப் புளித்துவிட்டால் கொட்ட மாட்டார்கள், குழம்பு வைப்பார்கள். அந்தக் குழம்புக்குப் புதுக் கிம்ச்சி சரிப்படாது. அது புளித்துக் கெடும் பக்குவம் வரட்டும் என்று காத்திருந்து வைப்பவர்களும் உண்டு.